கூரையும் பதிவேடும்: கல்வராயன் மலைக் கல்வியின் அரை நூற்றாண்டு

ஒரு பள்ளியின் வரலாற்றை எழுத முனைவோர் பெரும்பாலும் அதன் தலைமையாசிரியர்களையும், அங்கே படித்துப் பெயர் பெற்றவர்களையும் தேடிப் போவார்கள். மலைப்பகுதிப் பள்ளிகளைப் பொறுத்தவரை வேறு இரண்டு ஆவணங்களை நாம் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்று, மாணவர் சேர்க்கைப் பதிவேடு. மற்றது, பொறியாளர் தயாரிக்கும் கட்டட மதிப்பீடு. முதலாவதில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது இருக்கும். இரண்டாவதில், வருகிறவர்களுக்கு எத்தனை அறை, எத்தனை கழிப்பறை, எவ்வளவு பணம் என்பது இருக்கும். பிள்ளைகள் வந்தால் கட்டடம் தருவோம் என்பது அலுவலகத்தின் வழக்கம். தங்க இடமிருந்தால் பிள்ளைகளை அனுப்புவோம் என்பது மலையின் நிலை. இவ்விரண்டில் எது முந்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கரியாலூர், கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் இருக்கும் ஊர். கச்சிராயபாளையத்திலிருந்து மலையேறினால் கரியாலூர், வெள்ளிமலை என்று ஊர்கள் வரும். சமவெளியிலிருந்து செல்வோருக்குக் கரியாலூர் என்றால் படகுக் குழாமும், பக்கத்து அருவிகளும், கோடை விழாவும் நினைவுக்கு வரலாம். அங்கேயே வாழ்பவர்களுக்குக் காவல் நிலையமும், பேருந்து வரும் நேரமும், பள்ளியும்தான் ஊர். குறிஞ்சித் திணையின் அழகில் திளைத்த நம் இலக்கிய மரபு மலையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறது. மலைப் பள்ளியின் கூரையைப் பற்றிப் பேசியது குறைவு.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன், இன்று கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. இங்கே பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரளத்தவர் என்று மயங்க வேண்டியதில்லை. இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரம் பக்கமிருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்பது இவர்களுடைய மரபுக் கதை. சாமையும் தினையும் விளைந்த நிலத்தில் பின்னர் மரவள்ளியும் வந்து சேர்ந்தது.

இம்மலையின் நவீன வரலாற்றில் நாம் மறக்கக் கூடாத ஆண்டு 1976. சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இலேயே வந்துவிட்டது. சமவெளியின் ஜமீன்கள் அடுத்த சில ஆண்டுகளில் மறைந்தன. கல்வராயன் மலையிலோ சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் எனும் மூன்று ஜாகிர்களின் ஆட்சி 1976 வரை நீடித்தது. அதாவது, நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தே மலையின் நிலம் நேரடியாக அரசின் கீழ் வந்தது. காமராசர் காலத்தில் ஊர்தோறும் பள்ளி, பள்ளிதோறும் மதிய உணவு என்று தமிழகம் பெருமையோடு நினைவுகூரும் அந்த 1950களும் 60களும், ஜாகிர் நிர்வாகத்தில் இருந்த இந்த மலைக்கு வேறுவகைக் காலமாகவே கழிந்தன. தமிழகக் கல்வி வரலாற்றின் பொதுவான காலவரிசையை அப்படியே இம்மலை மீது ஏற்றிப் பார்க்க இயலாது.

மாவட்டத் தலைநகர் இருந்த இடத்தையும் கவனிக்க வேண்டும். தென்னார்க்காடு மாவட்டமாக இருந்தவரை, மலையின் கோப்புகள் கடற்கரையிலுள்ள கடலூருக்குப் போய்த் திரும்பின. 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிறந்தபோது தலைநகர் சற்று நெருங்கி வந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது மலையடிவாரத்துக்கே வந்தது. கல்வராயன் மலை தனி வட்டமும் ஆயிற்று. ஒரு வகுப்பறைக்கான கோரிக்கை எத்தனை மேசைகளைக் கடந்து எவ்வளவு தூரம் பயணம் செய்ய வேண்டும் என்பதும் கல்வி வரலாற்றின் ஒரு பகுதிதான்.

ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் பழங்குடியினர் துணைத்திட்டம் வந்தது. பழங்குடியினர் பாதிக்கு மேல் வாழும் பகுதிகளுக்கென ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்டம் தமிழகத்தில் 1970களின் நடுவில் தொடங்கியபோது, ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாதுமலை, சித்தேரி ஆகியவற்றோடு கல்வராயனும் அதில் இடம்பெற்றது. ஜாகிர் முடிந்ததும் திட்டம் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே வேளையில் நடந்தன. அதன் பிறகு மலைக் கல்வியின் முதுகெலும்பாக அமைந்தவை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள்.

ஏன் உறைவிடப் பள்ளி? மலையின் குடியிருப்புகள் பத்து வீடு, இருபது வீடு எனச் சிதறிக் கிடப்பவை. இரண்டு குடியிருப்புகளுக்கு நடுவே ஓர் ஓடை, ஒரு காடு, மழைக்காலத்தில் கடக்க முடியாத ஒரு பள்ளம் இருக்கும். ஆறு வயதுக் குழந்தை அன்றாடம் நடந்து வந்து போக இயலாது. ஆகவே பள்ளியே வீடாகவும் இருக்க வேண்டியிருந்தது. சமவெளியில் பள்ளிக் கட்டடம் என்றால் வகுப்பறை. மலையில் அது படுக்கையறை, சமையலறை, குளியலறை, காவலாளி, விளக்கு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்தது. திட்டம் போட்டவர்கள் இதை அறிந்திருந்தார்கள். ஒதுக்கிய பணத்தில்தான் இது முழுமையாகத் தெரியவில்லை. தமிழகத்து மலைகளின் பல உறைவிடப் பள்ளிகளில் பகலில் பாடம் நடந்த அறையிலேயே இரவில் பாய் விரித்த நிலை நெடுங்காலம் இருந்தது.

எண்களைச் சற்றுப் பார்ப்போம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடியினரின் எழுத்தறிவு 1971இல் ஏறத்தாழ 9 விழுக்காடு. 1981இல் 20, 1991இல் 28, 2001இல் 41.5, 2011இல் 54.3. முதல் பார்வைக்கு இது ஏறுமுகமே. நாற்பது ஆண்டுகளில் ஒரு சமூகம் ஆறு மடங்கு உயர்ந்திருக்கிறது என்பதைச் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் 2011இல் தமிழகத்தின் பொது எழுத்தறிவு 80 விழுக்காடு. அதே ஆண்டில் இந்தியப் பழங்குடியினரின் சராசரி 59. கல்வியில் முன்னணி மாநிலமெனச் சொல்லிக்கொள்ளும் தமிழகத்தின் பழங்குடியினர், அகில இந்தியப் பழங்குடியினரின் சராசரிக்கும் கீழே இருந்தார்கள். மாநில மக்கள்தொகையில் அவர்கள் 1.1 விழுக்காடுதான் என்பதால் இந்த இடைவெளி மாநிலச் சராசரியில் தெரிவதேயில்லை. சிறிய எண்ணிக்கை பெரிய சராசரிக்குள் மறைந்துபோகும்.

சேர்க்கைப் பதிவேட்டுக்கும் இதே குணம் உண்டு. முதல் வகுப்பில் பெயர் ஏறுகிறது. ஐந்தாம் வகுப்பு முடிகிற இடத்திலும், எட்டாம் வகுப்பு முடிகிற இடத்திலும் பெயர்கள் உதிர்கின்றன. ஒரு பள்ளி முடிந்து அடுத்த பள்ளி தொலைவில் இருப்பது முதல் காரணம். பெற்றோர் வேலைக்காகக் கேரளம், கர்நாடகம் எனப் போகும்போது பெரிய பிள்ளைகளும் உடன் போவது இரண்டாவது. ஆந்திரக் காடுகளுக்குச் செம்மரம் வெட்ட அழைத்துச் செல்லப்பட்டவர்களில் இந்த மலைத்தொடர்களின் இளைஞர்களும் இருந்தார்கள். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் 20 தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவர்களில் பலர் பழங்குடியினர் என்பதை நாடு அறிந்தது. ஒன்பதாம் வகுப்பில் காலியான ஓர் இருக்கைக்கும் அந்தக் காட்டுக்கும் இடையே இருக்கும் வழியைப் பதிவேடு காட்டாது.

மூன்றாவது காரணம் ஒரு காகிதம். 1989 நவம்பர் முதல் தமிழகத்தில் பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வழங்கும் அதிகாரம் வட்டாட்சியரிடமிருந்து வருவாய்க் கோட்டாட்சியருக்குச் சென்றது. போலிச் சான்றிதழ்களைத் தடுப்பதே நோக்கம். அதில் நியாயமும் உண்டு. ஆயினும் மலையிலிருந்து கோட்டாட்சியர் அலுவலகம் வரை கூலியை விட்டுவிட்டுப் பலமுறை வந்து போவது மெய்யான பழங்குடிக் குடும்பத்துக்கே பாரமாயிற்று. கல்லூரி இடமும் உதவித்தொகையும் அந்தக் காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

இனிப் பணத்தின் கணக்கு. பள்ளிக்கு வரும் பணம் பெரும்பாலும் தலை எண்ணி வருவது. விடுதி உணவுப்படி ஒரு மாணவருக்கு மாதம் இவ்வளவு என்று நிர்ணயிக்கப்படுகிறது. 2023இல் தமிழக அரசு பள்ளி விடுதி மாணவர்களுக்கான தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்த்தியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 47 ரூபாய். இருநூறு பேர் உண்ணும் சமையலறையில் இந்தத் தொகை ஒருவாறு ஈடுகொடுக்கும். முப்பது பேர் மட்டும் உண்ணும் மலை விடுதியில், அடிவாரத்திலிருந்து அரிசியும் காய்கறியும் ஏற்றிவரும் வண்டி வாடகைக்கே ஒரு பங்கு போய்விடும்.

ஆசிரியர் பணியிடமும் அப்படித்தான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இருவர் நடத்த வேண்டும். ஒருவர் விடுப்பிலோ கூட்டத்துக்கோ போனால் ஒருவரே. 2018இல் வந்த சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் பள்ளிப் பராமரிப்புக்கான ஆண்டு மானியமும் சேர்க்கையைப் பொறுத்தே ஏறி இறங்கியது. மிகச் சிறிய பள்ளிக்கு 10,000 ரூபாய், ஆயிரம் பேருக்கு மேற்பட்ட பள்ளிக்கு ஒரு லட்சம். காகிதத்தில் இது நியாயமாகவே தோன்றும். ஆனால் ஒழுகும் கூரை தன் கீழே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து ஒழுகுவதில்லை. அதே சிமெண்டு மூட்டை மலையேறியதும் விலையும் ஏறிவிடுகிறது.

இக்கணக்கின் சுழல் எளிதானது. சேர்க்கை குறைவு, ஆகவே நிதி குறைவு. நிதி குறைவதால் கழிப்பறை பழுதாகிறது, ஆசிரியர் குறைகிறார். அதைக் கண்டு பெற்றோர் பெண் பிள்ளைகளை முதலில் நிறுத்துகிறார்கள். அடுத்த ஆண்டு சேர்க்கை மேலும் குறைகிறது. அதன் பிறகு, மக்களுக்குக் கல்வியில் ஆர்வமில்லை என்று யாராவது எழுதுகிறார்கள்.

இதற்கு மாற்றான அணுகுமுறையும் இதே மலையில் இருக்கிறது. மத்திய அரசு 1997-98இல் தொடங்கிய ஏகலவ்யா மாதிரி உறைவிடப் பள்ளிகளில் ஒன்று வெள்ளிமலையில் அமைந்தது. சேலம் மாவட்டத்து அபிநவத்திலும் ஒன்று உண்டு. இத்திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 480 மாணவர்கள் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்ட அளவு. கட்டடச் செலவின் உச்சவரம்பு சமவெளிக்கு 12 கோடி, மலைக்கு 16 கோடி என்றிருந்து, பின்னர் படிப்படியாக 37.80 கோடியும் 48 கோடியுமாக உயர்ந்தது. மலையில் கட்டுவதற்குக் கூடுதல் பணம் வேண்டும் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட திட்டம் என்ற வகையில் இது முக்கியமானது. முதலில் கூரை, பிறகு பிள்ளைகள் என்ற வரிசையும் இதில் இருக்கிறது. ஆனால் ஒரு மாதிரிப் பள்ளி 480 பேருக்குத்தான். மற்றவர்கள் பழைய பள்ளிகளில்தான் படிக்க வேண்டும்.

பள்ளிக்கு மேற்பட்ட படிப்பில் இச்சிக்கல் உலகின் வேறு மூலைகளிலும் இருந்திருக்கிறது. சமுதாயக் கல்லூரி என்ற கருத்து அமெரிக்காவில் பிறந்தது. நம் பக்கத்தில் 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னையில் கத்தோலிக்க உயர் மறைமாவட்டமும் அவ்வகைக் கல்லூரிகளைத் தொடங்கின. படிப்பை வேலையோடும் வட்டாரத் தேவையோடும் இணைப்பது அவற்றின் நோக்கம். அமெரிக்காவிலேயே இக்கருத்தைப் பழங்குடி மக்கள் தங்களுடையதாக்கிக்கொண்ட கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. நவஹோ மக்கள் 1968இல் தங்கள் சொந்த நிர்வாகத்தில் நவஹோ சமுதாயக் கல்லூரியை நிறுவினார்கள். தொடக்கத்தில் அது மெனி ஃபார்ம்ஸ் என்ற ஊரில் அரசின் உறைவிடப் பள்ளிக் கட்டடத்தில் இரவல் இடத்தில் இயங்கியது. 1973இல் ட்செய்லி என்ற இடத்தில் சொந்த வளாகம் கிடைத்தது. இன்று அதன் பெயர் டினே கல்லூரி.

அதைப் பின்பற்றி எழுந்த பழங்குடிக் கல்லூரிகளுக்காக 1978இல் ஒரு சட்டம் வந்தது. சேர்ந்துள்ள பழங்குடி மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று அது வகுத்தது. சட்டம் அனுமதித்த தொகைக்கும் ஆண்டுதோறும் உண்மையில் ஒதுக்கப்பட்ட தொகைக்கும் இடையே பல பத்தாண்டுகள் பெரிய பள்ளம் இருந்தது. பழங்குடி அல்லாத மாணவர் அக்கல்லூரியில் படித்தால் அவருக்குரிய தொகையும் கிடையாது. தலை எண்ணும் கணக்கு சிறிய நிறுவனத்தை எப்படி நெருக்கும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆயினும் அவர்களிடம் ஒன்று இருந்தது. கட்டடம் எங்கே, பாடம் எது, எந்த மொழி என்று தீர்மானிக்கும் மன்றத்தில் அவர்களே உட்கார்ந்திருந்தார்கள். நம் மலைகளில் இதற்கு ஒப்பான ஓர் ஏற்பாட்டை நாம் இன்னும் கற்பனைகூடச் செய்து பார்க்கவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கல்வராயன் என்றால் கள்ளச்சாராயம் என்று பேசும் பழக்கம் மீண்டும் ஓங்கியது. அவ்வேளையில் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து, இம்மலை மக்களின் சாலை, மருத்துவம், கல்வி பற்றி அரசிடம் கேள்வி எழுப்பியது. சாராயத்திலிருந்து தொடங்கிய பேச்சு சாலைக்கும் பள்ளிக்கும் வந்து சேர்ந்தது ஒரு நல்ல திருப்பம். ஆனால் அதற்கு இத்தனை உயிர்கள் தேவைப்பட்டன என்பது நமக்குப் பெருமை தருவதல்ல.

நல்ல அறிகுறிகளும் உண்டு. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, முதற்கட்ட 1,545 பள்ளிகளில் 237 பள்ளிகள் மலைப்பகுதிகளுக்கென ஒதுக்கப்பட்டன. மதிய உணவு மலைக்குத் தாமதமாக வந்த வரலாற்றோடு இதை ஒப்பிட்டால் மாற்றம் புரியும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. மலையிலிருந்து இறங்கிக் கள்ளக்குறிச்சியிலோ ஆத்தூரிலோ தங்கிப் படிக்கும் பெண்ணுக்கு அது பேருந்துக் கட்டணமும் கைச்செலவும் ஆகும். ஆனால் அவள் தங்க விடுதியில் இடமில்லையென்றால் அந்த ஆயிரம் ரூபாய் அவளைக் கல்லூரிவரை கொண்டு சேர்க்காது.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்க்கையில் நமக்குத் தோன்றுவது இதுதான். சேர்க்கைப் பதிவேட்டை மக்களின் விருப்பத்தை அளக்கும் கருவியாகப் படிப்பது தவறு. அது அரசு என்ன கட்டியது, எப்போது கட்டியது, எதைப் பழுது பார்க்காமல் விட்டது என்பதன் நிழல். ஜாகிர் ஒழிய முப்பது ஆண்டு காத்திருந்த மலையிடம், இன்னும் முப்பது பேரைச் சேர்த்துக்கொண்டு வா, அறை கட்டுகிறோம் என்று சொல்வது வரலாற்றை அறியாத பேச்சு. மலைப் பள்ளிக்கும் விடுதிக்கும் தலைக் கணக்கு பாராமல் வகுப்புக்கு ஓர் ஆசிரியர், குடியிருப்புத் தொகுதிக்கு ஒரு முழுமையான உறைவிடம் என்ற குறைந்தபட்ச அளவு வகுக்கப்பட வேண்டும். முதல் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு, அவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறார்கள் என்ற எண்ணும் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும்.

2026இல் ஜாகிர் ஒழிப்புக்கு ஐம்பது ஆண்டு நிறைகிறது. அதற்கு யாரும் விழா எடுக்க வேண்டியதில்லை. கரியாலூரிலும் அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் அந்த ஆண்டு முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகள், படிக்கிற அறையிலேயே படுக்க வேண்டிய நிலை இல்லாமல் செய்தாலே போதும். அந்த ஐம்பது ஆண்டுக்கு அதைவிடத் தகுந்த மரியாதை வேறில்லை.