சாந்தப்பா, முஷி (1923–2017)

இந்தியப் பலபடி வேதியியலின் முன்னோடிகளுள் ஒருவர். ஆந்திரப் பகுதியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல்சார் வேதியியல் பேராசிரியராக இருந்தார்.

சிறு மூலக்கூறுகள் வேதிப்பிணைப்பால் இணைந்து பலபடிகள் எனும் நீண்ட சங்கிலிகளாகின்றன என்று ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் எழுதியபோது பலர் ஏற்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு 1953இல்தான் கிடைத்தது. அந்தச் சங்கிலி எப்படித் தொடங்குகிறது, எவ்வளவு வேகத்தில் வளர்கிறது, எங்கே அறுகிறது என்பதே சாந்தப்பாவின் தேடல். வேதியியலாளர்கள் எம். ஜி. எவன்ஸ், என். யூரி ஆகியோருடன் அவர் 1951இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் முக்கியமானது. நீரில் கரைந்த பெரிக் (இரும்பு) உப்பின்மீது ஒளி படும்போது இரும்பு அயனி ஓர் எலக்ட்ரானை ஏற்கிறது. அந்த எலக்ட்ரானை இழந்த அருகிலுள்ள ஹைட்ராக்சைடு அயனி, எளிதில் வினைபுரியும் தனி உறுப்பாகிறது. அதுவே வினைல் சேர்மத்தைத் தாக்கிச் சங்கிலியைத் தொடங்கிவைக்கிறது. வெப்பமூட்டாமல், ஒளியை மறைத்தும் திறந்தும் வினையை ஆளலாம் என்பது இம்முறையின் அழகு. சென்னையில் சீரியம் முதலிய உலோக அயனிகளால் நிகழும் பலபடியாக்கத்தின் வினைவேகத்தை மாணவர்களுடன் ஆராய்ந்தார்.

1967இல் அறிவியலுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு பெற்றார். அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர், திருப்பதி வெங்கடேசுவரா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் துணைவேந்தர் எனப் பெரும் பொறுப்புகளையும் ஏற்றார். ஆயினும் அவர் பெயர் நிலைப்பது அந்த வினைவேக ஆய்வுகளால்தான்.