நாய்க்கும் பூனைக்கும் ஒரு மகமை

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் வெட்டுவித்த இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரின் பெயர்கள் வருகின்றன. தமிழ் அரசுகளைப் பற்றிய பழைய வெளிச்சான்று என்பதற்காகவே வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அதை எடுத்துக்காட்டும். கல்வெட்டு பேசும் செய்தி அதைவிடச் சுவையானது. மனிதருக்கு ஒன்று, விலங்குகளுக்கு ஒன்று என இருவகை மருத்துவ ஏற்பாடுகளைத் தன் நாட்டிலும் எல்லை தாண்டிய இந்த நாடுகளிலும் செய்திருப்பதாக அசோகர் சொல்கிறார். அரசனின் தற்புகழ்ச்சியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், விலங்குக்கு வைத்தியம் பார்ப்பது பொதுக் கடமைகளில் ஒன்று என்ற எண்ணம் 2,200 ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் திசையில் பேசப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் அடிபட்ட நாயையும் கைவிடப்பட்ட பூனையையும் வைத்துக் காக்கும் ஓர் இடம், இன்றும் பெரும்பாலும் சிலரின் கைக்காசிலும் அடுத்த மாத நன்கொடை வருமா என்ற கவலையிலுமே நடக்கிறது. இரக்கம் வற்றிப்போனதால் இந்த நிலை வந்ததாகத் தோன்றவில்லை. இரக்கத்தைத் தாங்கி நிற்கும் நிலையான வருமானத்தை மற்ற அறங்களுக்கு ஏற்படுத்திய நாம், இந்த ஒன்றுக்கு மட்டும் ஏற்படுத்தவில்லை.

நாயைத் தமிழ்ச் சமூகம் மதிக்கவே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கும் சண்டையில் உயிர்விட்ட வீரனோடு, திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. வீரனுக்கு ஒத்த மரியாதையோடு நாயின் பெயரையும் கல்லில் பொறித்த காலம் அது. ஆனால் கோவிவனுக்குக் கிடைத்தது செய்த வேலைக்கான புகழ். வேலை செய்ய முடியாமல் போன நாய்க்கு யார் சோறு போடுவது என்ற கேள்விக்கு நடுகல்லில் பதில் கிடையாது. அந்த வகைக் கேள்விகளுக்கு நம் முன்னோர் வேறு இடத்தில் பதில் வைத்திருந்தார்கள். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டுமானால் 90 அல்லது 96 ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதிவைத்தார்கள். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையரின் பொறுப்பு. நெய் நாள் தவறாமல் வந்துசேரும். திருவரங்கத்தில் ஸ்ரீரங்க கருடவாகன பட்டர் ஆரோக்கியசாலையைப் புதுப்பித்ததையும் தன்வந்திரி சன்னதி அமைத்ததையும் 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. விளக்கோ, மருத்துவசாலையோ, பசுமடமோ எதுவாயினும் நிலைக்க வேண்டும் என்று நினைத்ததற்கெல்லாம் ஒரு சொத்தைச் சேர்த்துக் கட்டிவைப்பது இங்கே மரபு. அந்தப் பட்டியலில் நாயும் பூனையும் ஏறவில்லை.

ஏற முடியும் என்பதைப் பம்பாய் காட்டியது. 1832 ஜூன் மாதம், தெருநாய்களைக் கொல்லச் சொன்ன ஆங்கிலேய அதிகாரிகளின் உத்தரவை எதிர்த்து அந்த நகரத்தின் பார்சிகள் கிளர்ந்தெழுந்தார்கள். கொன்ற நாய் ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்ததால், வீட்டு வாசலில் படுத்திருந்த நாயையும் காவலர் அடித்துக் கொன்றதே ஆத்திரத்துக்குக் காரணம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1834இல், ஜம்செட்ஜி ஜீஜீபாயும் ஜைன வணிகரான மோதிஷாவும் சேர்ந்து பம்பாய்ப் பிஞ்சராப்போல் என்ற விலங்குக் காப்பகத்தை நிறுவினார்கள். அது வெறும் தருமச் சிந்தனையோடு நின்றுவிடவில்லை. சந்தையில் கைமாறும் சரக்குகளின்மீது வணிகர்கள் தாங்களே ஒரு சிறு வரி விதித்துக்கொண்டு, அந்தத் தொகையைப் பிஞ்சராப்போலுக்குத் திருப்பினார்கள். கலகத்தின் சூடு ஆறிய பிறகும் அந்த இடம் தழைத்ததற்கு இந்த ஏற்பாடே காரணம். தமிழ்நாட்டில் இதே முறை மகமை என்ற பெயரில் விருதுநகரிலும் சிவகாசியிலும் பள்ளிகளையும் கல்லூரிகளையும் எழுப்பியது. சென்னையில் 1906இல் தொடங்கிய பிஞ்சராப்போலோ பெரிதும் மாடுகளுக்கான இடமாகவே வளர்ந்தது. தெருநாயைப் பற்றிய பொறுப்பு அதற்கு முன்பே சுகாதாரத் துறையிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

சுகாதாரத் துறையின் கையில் அது வேறு விதமான விஷயமாயிற்று. சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது 1860இல். தற்செயலாக, அதே ஆண்டில்தான் லண்டனில் மேரி டீல்பி என்ற பெண்மணி வீடற்ற நாய்களுக்கு ஓர் இல்லம் திறந்தார். பத்திரிகைகள் கேலி செய்தன. ஆனாலும் சந்தாதாரர்கள் கூடினார்கள். 1871இல் பேட்டர்சிக்கு இடம் மாறி, 1883 முதல் பூனைகளையும் சேர்த்துக்கொண்டு, இன்றுவரை அது இயங்குகிறது. சென்னையின் பயத்துக்கு நியாயமான காரணம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெறிநாய்க்கடிக்கு மருந்தே இல்லாத காலம் அது. பாஸ்டர் தன் தடுப்பூசியை ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகப் போட்டது 1885இல். கசௌலியில் 1900இலும் குன்னூரில் 1907இலும் பாஸ்டர் நிலையங்கள் வந்தபிறகே கடிபட்ட இந்தியருக்கு உயிர் பிழைக்க வழி பிறந்தது. அதன்பிறகும் தொப்புளைச் சுற்றிப் போடும் 14 ஊசிகளே பல தலைமுறைகளுக்குக் கதியாக இருந்தன. நரம்புத் திசுவிலிருந்து எடுக்கப்பட்ட அந்த மருந்தின் தயாரிப்பை இந்தியா 2004இல்தான் கைவிட்டது. பயம் உண்மையானது. அந்தப் பயத்துக்குத் தீர்வாகத் தேர்ந்த நாய்க்கொலைதான் தவறாகப் போயிற்று.

தவறு என்று சொல்ல எண்ணிக்கையே போதும். தொடக்கத்தில் நாளுக்கு ஒன்றிரண்டாக இருந்த கொலை, 1990களின் நடுவில் நாளொன்றுக்கு 135 வரை உயர்ந்ததாக விலங்குநல அமைப்பான புளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். நூற்று முப்பது ஆண்டுகள் விடாமல் கொன்றும் நாய்கள் குறையவில்லை என்பதே அதற்குப் பொருள். ஒரு தெருவுக்கு எத்தனை நாய்கள் என்பதை அங்கே கொட்டப்படும் எச்சிலும் கறிக்கடைக் கழிவும் முடிவு செய்கின்றன. இருந்த நாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால், மிஞ்சிய சோற்றுக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் வரும்; பிழைத்த குட்டிகளின் எண்ணிக்கை கூடும். வந்தவை தடுப்பூசி போடாதவை என்பதால் ரேபீஸ் ஆபத்தும் தொடரும். மாறாக, கருத்தடையும் தடுப்பூசியும் ஆன நாய் தன் தெருவிலேயே இருந்தால் புதிய நாயை உள்ளே விடாது. ஒரு வட்டாரத்து நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் ரேபீஸ் பரவும் சங்கிலி அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். 1959இல் கேப்டன் சுந்தரத்தின் முயற்சியால் உருவான புளூ கிராஸ், இந்த வழியை 1964 முதல் சென்னை மாநகராட்சியிடம் சொல்லிவந்தது. ஒப்புக்கொள்ள மாநகராட்சிக்கு 32 ஆண்டுகள் ஆயின.

சட்டத்தின் கதையும் இதே வேகத்தில்தான் நகர்ந்தது. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக 1952இல் நுழைந்த ருக்மிணி தேவி அருண்டேல், விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவு 1960ஆம் ஆண்டுச் சட்டம். 1962இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த விலங்குநல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். ஆனால் அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, தெருநாய்களைக் கொலைக்கூடங்களில் கொல்வது வதை ஆகாது என்று விலக்கும் அளித்தது. இரக்கத்துக்காக எழுதப்பட்ட சட்டத்திலேயே நாய்க்கு மட்டும் ஒரு கதவு மூடியிருந்தது. 2001இல் வந்த நாய்க் கருத்தடை விதிகளே அந்தக் கதவைத் திறந்தன. 2023இல் அவை திருத்தி எழுதப்பட்டன. பிடி, கருத்தடை செய், தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு என்பது அவற்றின் சாரம்.

இங்கேதான் பாதி வேலை மிஞ்சுகிறது. ‘பிடித்த இடத்திலேயே விடு’ என்பது நலமாக இருக்கும் நாய்க்குப் பொருந்தும். லாரி மோதி இடுப்புக்குக் கீழே செயலிழந்த நாய், கண் போன கிழநாய், வீடு மாறும்போது விட்டுப்போன வளர்ப்புநாய், தாயை இழந்த பூனைக்குட்டி ஆகியவற்றைத் தெருவில் விடுவதும் சாகவிடுவதும் ஒன்றுதான். திருச்சி மாநகரின் தென்மேற்கில், கிராப்பட்டியை அடுத்து இருக்கும் எடமலைப்பட்டி புதூர் போன்ற பகுதியில் இந்தப் பாதி இனிப் பெருகும். பக்கத்திலேயே பஞ்சப்பூரில் 2025இல் பேருந்து முனையம் திறக்கப்பட்டுவிட்டது, நெடுஞ்சாலைப் போக்குவரத்து அங்கே குவிகிறது, காலிமனைகள் வீடுகளாகின்றன. வண்டிகள் கூடும் இடத்தில் அடிபடும் விலங்குகளும் கூடும். யானைகளுக்கு இதே மாவட்டத்தில் எம்.ஆர். பாளையத்தில் வனத்துறையின் மறுவாழ்வு மையம் 2019 முதல் இருக்கிறது. ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல்தலையே வந்தது. பெருமைக்குரிய விலங்குக்கு அரசு தயங்காமல் செலவிடுகிறது. எந்தப் பெருமையும் இல்லாத தெருநாய்க்கும் பூனைக்கும் வரும்போது பொறுப்பு தனியார் காப்பகங்களின் தலையில் விழுகிறது.

மனிதர்களே மருத்துவமனை வாசலில் காத்துக்கிடக்கும் ஊரில் நாய்க்கு எதற்குச் செலவு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நேர்மையானது. ஆனால் நாய்க்கடியால் பாதிக்கப்படுவோரில் பெரும்பங்கினர் தெருவில் நடப்பவர்களும் குழந்தைகளும்தான். காருக்குள் இருப்பவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் 2024இல் மட்டும் நாய்க்கடிச் சம்பவங்கள் 4.80 லட்சம் பதிவாயின. ஊசி போட்ட நாயும், நோயோடு தெருவில் அலையாமல் காப்பகத்தில் அடைக்கலமான நாயும் அந்த மனிதர்களுக்கான பாதுகாப்பே. மேலும், ஓர் ஊரின் இரக்கம் ஒரு பக்கம் செலவானால் மறுபக்கம் குறைந்துவிடும் என்பதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. மருத்துவமனையும் கல்லூரியும் கட்டிய அதே ஜீஜீபாய்தான் பிஞ்சராப்போலையும் நிறுவினார்.

அப்படியானால் எல்லா நாய்களையும் காப்பகத்தில் அடைத்துவிடலாமே என்பது எதிர்ப்பக்கத்து வாதம். 2025 ஆகஸ்ட் 11 அன்று டில்லி நாய்களைப் பற்றி உச்சநீதிமன்றம் இட்ட உத்தரவின் போக்கும் அதுவே. ஆகஸ்ட் 22 அன்றே அதைத் திருத்த வேண்டிவந்தது. 2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தெருநாய்கள் 1.53 கோடி. அத்தனைக்கும் கூண்டும் சோறும் வைத்தியமும் ஆளும் தர எந்த மாநகராட்சியாலும் ஆகாது. நெருக்கியடித்த கூண்டுகளில் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுநோய்கள் சில நாளில் பரவிவிடும். அதேசமயம், 2025 நவம்பர் 7 உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிக்கும் நாய்களை அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது, காப்பகத்தில் சேர்க்க வேண்டும் என்கிறது. சேர்ப்பதற்குக் காப்பகம் இல்லையென்றால் அந்த உத்தரவைக் காகிதத்தில் மட்டுமே நிறைவேற்ற முடியும். ஆக, தெருவில் வாழக்கூடிய நாய்க்குக் கருத்தடை, வாழ முடியாத நாய்க்குக் காப்பகம் என்ற பிரிவினையே நடைமுறைக்கு ஒத்துவரும். காப்பகம் சிறியதாக இருக்கலாம். இல்லாமல் இருக்கக் கூடாது.

மூன்றாவது ஐயத்தை லேசாக ஒதுக்க முடியாது. நல்ல மனத்தோடு தொடங்கி, அளவுக்கு மீறிச் சேர்த்து, கடைசியில் நாற்றமும் நோயுமாக முடிந்த காப்பகங்கள் எங்கும் உண்டு. பேட்டர்சியிலேயே இடம் போதாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏராளமான நாய்கள் கொல்லப்பட்டன. இதற்கெல்லாம் ஊற்றுக்கண் வருமானத்தின் இயல்பில் இருக்கிறது. அடிபட்ட நாயின் படத்தைப் பார்த்து உருகிய கைகளிலிருந்து வரும் பணம், மீட்பு நடக்கும் நாளில் குவியும். அந்த நாய் பிழைத்து இன்னும் பத்து ஆண்டுகள் சாப்பிட வேண்டியிருக்கும்போது நின்றுவிடும். அதனால் காப்பகம் அடுத்த மீட்பைத் தேடி ஓடுகிறது, கூட்டம் சேர்கிறது. மாதாமாதம் வரும் தொகை நிச்சயமானால் இத்தனை நாய், இத்தனை பூனை என்று வரம்பு வைக்கலாம். தனிமைக் கொட்டில் கட்டலாம். கால்நடை மருத்துவருக்கும் பராமரிப்பு ஆட்களுக்கும் தவறாமல் சம்பளம் தரலாம். தத்துக் கொடுப்பதில் அவசரம் காட்டாமல் வீட்டைப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். கணக்கு கேட்கும் உரிமையும் ஒருமுறை கொடுத்தவரைவிட மாதாமாதம் கொடுப்பவருக்கே வலுவாக இருக்கும்.

ஆகவே எடமலைப்பட்டி புதூருக்கோ வேறெந்தப் பகுதிக்கோ ஒரு காப்பகத்தை ஆதரிப்பது என்றால் மகமையின் கணக்கில் யோசிக்க வேண்டும். ஒரு தெருவில் 50 வீடுகள் மாதம் 20 ரூபாய் வீதம் கொடுத்தால் ஆண்டுக்கு 12,000 ரூபாய். கோழிக்கறிக் கடைகளும் உணவகங்களும் விலங்கு உண்ணக்கூடிய மிச்சத்தைக் குப்பைத்தொட்டியில் போடாமல் தனியே எடுத்துவைத்துக் கொடுத்தால் காப்பகத்தின் தீவனச் செலவு குறையும், தெருவில் நாய்ப் பெருக்கத்துக்கு இருக்கும் காரணமும் குறையும். மாநகராட்சி இடத்தையும் தடுப்பூசியையும் தரலாம். உச்சநீதிமன்றத்தின் உத்தரவு அதன்மீது ஏற்கெனவே அந்தச் சுமையை ஏற்றியிருக்கிறது. விலங்குகளிடம் இரக்கம் காட்டுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளில் ஒன்றாக 1976இல் அரசியலமைப்பின் 51அ பிரிவு சேர்த்துக்கொண்டது. கடமை என்று எழுதியாகிவிட்டது. அதற்கான வரவுப் பக்கத்தைத் தெருவும் சந்தையும் மாநகராட்சியும் சேர்ந்துதான் நிரப்ப வேண்டும்.