நெற்றியில் ஒன்றுமில்லாத வள்ளுவர்

உருவப்படம் பார்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் ரவிவர்மாவிடமிருந்து தொடங்கு என்பார்கள். நான் வள்ளுவரிடமிருந்துதான் தொடங்குகிறேன். ஒரகடம் பக்கத்து அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறவனுக்கு அதுதான் கைக்கெட்டுகிற படம். பள்ளிச் சுவரில் இருக்கிறார், அரசுப் பேருந்தில் இருக்கிறார், பாடப்புத்தகத்தில் இருக்கிறார். தினமும் கண்ணில் படுகிற படத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது இன்னொரு வசதி.

படத்தைத் துணியால் மூடிவிட்டுக் கேட்பேன்: "அவரு நெத்தியில என்ன இருக்கு?" வகுப்பு உடனே இரண்டாகும். பட்டை என்று ஒரு கூட்டம், பொட்டு என்று ஒரு கூட்டம். நாமம் என்றும் ஓரிரு குரல் வரும்; ஸ்ரீபெரும்புதூர் பிள்ளைகள் அல்லவா. துணியை எடுத்தால் நெற்றியில் ஒன்றுமில்லை. வெறும் நெற்றி.

அந்த வெறுமை தானாக வந்ததல்ல. இன்று நாம் பார்க்கிற வள்ளுவர், ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தவர். 1964இல் சட்டமன்றத்தில் அந்தப் படத்தை அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ஜாகிர் உசேன் திறந்துவைத்தார். பிறகு அது அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் பரவியது. அதற்கு முன்பு வள்ளுவர் பலவிதமாக இருந்தார். திருநீறு, உருத்திராட்சத்தோடு சைவராக அவரை அச்சிட்ட பதிப்புகள் உண்டு. சமணர் என்று வாதாடியவர்கள் உண்டு. சர்மாவின் படத்தில் வெள்ளை உடை, நீண்ட தாடி, கையில் எழுத்தாணியும் ஓலையும். மேலே போட்ட துண்டு, பூணூல் உண்டா இல்லையா என்ற கேள்விக்கே இடம் வைக்கவில்லை. எதை வரைந்தார் என்பதைவிட எதை வரையாமல் விட்டார் என்பதில்தான் அந்தக் காலத்துத் தமிழ்நாடு இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. எல்லாத் தரப்பும் தன்னவர் என்று சொல்லிக்கொள்ளத் தோதான ஒரு உருவம் அப்போது தேவைப்பட்டது.

அதற்கும் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய உருவம் ஒன்று இருக்கிறது. சென்னையில் பணியாற்றிய எல்லிஸ் துரை குறளில் தோய்ந்தவர், 1819இல் இறந்துபோனார். அவர் வெளியிட்ட தங்கக் காசு ஒன்றில் இருப்பது வள்ளுவர்தான் என்று ஐராவதம் மகாதேவன் அடையாளம் கண்டார். குடையின் கீழே அமர்ந்திருக்கும் துறவி. சமண முனிவர் என்று சொன்னால் நம்பிவிடலாம். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் "ரெண்டு பேரும் ஒரே ஆளா சார்?" என்று கேட்காத வகுப்பு இல்லை.

இதில் வேடிக்கை, குறளே இந்த விஷயத்தில் ஒரு கருத்து வைத்திருக்கிறது. கூடாவொழுக்கம் அதிகாரத்தின் கடைசிக் குறள், உலகம் பழிப்பதைச் செய்யாதவனுக்கு மொட்டையும் தேவையில்லை, சடையும் தேவையில்லை என்கிறது. எழுதினவருக்கே தாடி வைத்துவிட்டோம். 2019 நவம்பரில் தமிழக பாஜகவின் ட்விட்டர் பக்கத்தில் அவர் காவி உடையில், திருநீறும் உருத்திராட்சமுமாக வந்தபோது பெரிய சண்டை நடந்தது. அந்தச் சண்டையை வகுப்பில் நான் தீர்த்துவைப்பதில்லை. வெள்ளையையும் யாரோ தேர்ந்தெடுத்தார்கள், காவியையும் யாரோ தேர்ந்தெடுத்தார்கள். யார், எப்போது, எதற்காக என்று கேளுங்கள் என்பேன். இரண்டும் சமம் என்று நான் நினைக்கவில்லை. எல்லோரும் உள்ளே வருவதற்காகச் சின்னங்களை எடுத்ததும், ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாடச் சின்னங்களைச் சேர்த்ததும் எப்படிச் சமமாகும்? ஆனால் அதைப் பிள்ளைகளாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு வள்ளுவரைத் தெரியாது. அவள் மட்டும்தான் படத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "எழுதுறாரு. வயசானவரு. பணக்காரர் இல்ல," என்றாள் திக்கித் திக்கி. பேரைத் தெரிந்த முப்பது பேரும் எழுத்தாணியைக் கவனித்திருக்கவில்லை.

அடுத்த வாரம் வீட்டில் ஒருவரை வரைந்து வரச் சொன்னேன். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தி தொடங்கியது 1998இல். அதற்குப் பிறகு வளர்ந்த ஊர்கள் இவை. படங்களில் பாதிக்கு மேல் கழுத்தில் ஐடி கார்டு தொங்கியது. கார்டுக்குள் இருந்த குட்டி முகத்தையும் சிலர் வரைந்திருந்தார்கள். ஆள் சிரிக்கிறார், கார்டில் இருப்பவர் சிரிக்கவில்லை. டேக் என்ன கலர் என்பதில் மட்டும் யாரும் தப்பு செய்யவில்லை. "இந்தக் கலர்னா பெர்மனன்ட் சார், அந்தக் கலர்னா கான்ட்ராக்ட்" என்று ஒருவன் எனக்கே பாடம் எடுத்தான். அப்பாவை டேக் இல்லாமல் வரைந்திருந்தவனிடம் ஏன் என்றேன். "வீட்டுக்கு வந்ததும் கழட்டி ஆணில மாட்டிடுவாரு சார்."

அதன் பிறகுதான் ராமானுஜருக்கு வருவேன். அது ஓவியமல்ல, கோயிலில் இருக்கும் திருமேனி. ஆனாலும் காலண்டராக இங்கே வீட்டுக்கு வீடு தொங்குகிறது. மரபுப்படி அவர் பிறந்தது 1017இல், இதே ஊரில். அவருக்கு மூன்று திருமேனிகள் என்பார்கள். ஸ்ரீரங்கத்தில் இருப்பது தானான திருமேனி, மேல்கோட்டையில் இருப்பது தமர் உகந்த திருமேனி, இங்கே இருப்பது தான் உகந்த திருமேனி. அவர் உயிரோடு இருந்தபோதே செய்து, அவரே தழுவி ஏற்றுக்கொண்டது என்பது நம்பிக்கை. தன் உருவத்தைப் பார்த்து 'சரி' என்று சொன்ன மனிதர்! வள்ளுவருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

கூப்பிய கை, காவி, முக்கோல். முக்கோல் இருந்தால் வைணவத் துறவி. அத்வைதத் துறவியிடம் ஒற்றைக்கோல். டேக் கலரைப் படித்த பிள்ளைகளுக்கு இதை விளக்க ஒரு நிமிஷம் போதும்.

பிறகு கூரத்தாழ்வான் கதை. ராமானுஜரைச் சோழன் பிடித்துவரச் சொல்கிறான். குருபரம்பரை நூல்கள் அவனைக் கிருமிகண்ட சோழன் என்ற வசைப்பெயரால் மட்டும் குறிக்கின்றன. எந்தச் சோழன் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. குரு வெள்ளை உடுத்திக்கொண்டு மேற்கே போகிறார். காஞ்சிபுரம் பக்கத்துக் கூரத்தைச் சேர்ந்த சீடர், குருவின் காவியையும் முக்கோலையும் எடுத்துக்கொண்டு அவராகவே அரசவைக்குப் போகிறார். அங்கே கண்களை இழக்கிறார்.

போன வருஷம் இந்த இடத்தில் ஒரு பையன் எழுந்தான். "அப்ப ராஜா ஆளுங்க மொகத்தப் பாக்கவே இல்லியா சார்? துணிய மட்டும்தான் பாத்தாங்களா?" பின் பெஞ்சிலிருந்து ஒடியாப் பெண் திரும்பிப் பார்த்து, கேட் செக்யூரிட்டியும் அப்படித்தான் என்றாள். மணி அடித்த பிறகும் அரை வகுப்பு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது.