பதிந்தவர் செலுத்தும் விலை: இலங்கையின் சிறு விடுதிகளும் பிரதேச சபை அனுமதிப்பத்திரக் கட்டணமும்

இலங்கையின் கரையோரங்களில் பதிவின்றி இயங்கும் தங்குவிடுதிகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் பழி உரிமையாளரின் தலையில்தான் விழுகிறது. வரிக்கு ஒளிக்கிறார், பரிசோதனைக்கு அஞ்சுகிறார், தரத்தில் அவருக்கு அக்கறையில்லை என்பார்கள். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் சுற்றுலாத் துறைப் பதிவைக் கட்டாயமாக்கிய அரசே, பதிந்தவரிடம் மட்டும் பல மடங்கு அறவிட இடந்தரும் கட்டண முறையையும் வைத்திருக்கிறது. பதியாமலிருப்பது ஒழுக்கக் குறைபாடு என்பதைவிட, அந்தக் கட்டண முறை ஊட்டி வளர்த்த நடத்தை என்பதே பொருத்தம்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 149ஆம் பிரிவு இதற்கு மூலம். உணவகம், தங்குவிடுதி முதலியவற்றுக்குச் சபை வழங்கும் அனுமதிப்பத்திரத்தின் கட்டணம் கட்டடத்தின் வருடாந்தப் பெறுமதியை, அதாவது மதிப்பிடப்பட்ட ஆண்டு வாடகையைப் பொறுத்தது. பெறுமதி 750 ரூபா வரையாயின் கட்டணம் 500 ரூபாவுக்கு மேற்படலாகாது. 1,500 ரூபா வரையாயின் 750. அதற்கு மேல் எவ்வளவாயினும் 1,000. அதே விடுதி சுற்றுலாச் சபையில் பதியப்பட்டதாகவோ அதன் அங்கீகாரம் பெற்றதாகவோ இருந்தால் இந்த வரம்பு கழன்றுவிடுகிறது. முந்திய ஆண்டு வருமதியில் 1 சதவீதம் வரை பிரதேச சபை கேட்கலாம். இதற்கு மேல், 2003ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நிதிச் சட்டம் கொண்டுவந்த சுற்றுலா அபிவிருத்தி அறவீடு இருக்கிறது: மொத்தப் புரள்வில் 1 சதவீதம், பதிந்தவர்களிடம் மட்டும், கொழும்புக்கு.

ஆண்டொன்றுக்கு 60 இலட்சம் ரூபா வருமதியுள்ள விடுதியொன்றை எண்ணிப் பாருங்கள். பதியாவிட்டால் அனுமதிப்பத்திரத்துக்கு அதிகபட்சம் 1,000 ரூபா. பதிந்தால் சபைக்கு 60,000 வரை, மத்திக்கு 60,000. இரண்டும் புரள்வின் மேல் விழுபவை; இலாபமா நட்டமா என்று கேட்பதில்லை. 1987இல் டொலர் ஏறக்குறைய 30 ரூபா, இன்று ஏறக்குறைய 300. அன்று 33 டொலர் பெறுமதியாயிருந்த உச்சவரம்பு இன்று மூன்று டொலராகக் கரைந்துவிட்டது. சதவீதத்துக்கோ பணவீக்கம் ஒன்றும் செய்வதில்லை. இடைவெளி தானாகவே ஆண்டுதோறும் அகன்றிருக்கிறது. அதை அகட்ட எந்த அமைச்சரும் கையெழுத்திட வேண்டியிருக்கவில்லை.

சட்டம் இயற்றியவர்கள் மூடர்களல்லர். 1987இல் சுற்றுலாச் சபையில் பதிந்த விடுதி என்றால் பெரும்பாலும் பெந்தோட்டை, நீர்கொழும்புப் பக்கத்துப் பெரிய ஹோட்டல். கிழக்கோ போருக்குள் இருந்தது. பதிவு அன்று அளவுக்கு ஓர் அடையாளமாக நின்றது என்றே நான் கருதுகிறேன். பதிந்தவன் பெரியவன், ஆகவே வருமதிக்கேற்பக் கட்டட்டும். பதியாதவன் ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்காரன், அவனை விட்டுவிடலாம். இன்று இரண்டு அறை வீட்டுத் தங்குமிடமும் பதியக்கூடிய வகைக்குள் வந்துவிட்டது. அளவுக்கும் பதிவுக்கும் இருந்த தொடர்பு அறுந்தபின்னும் கட்டணம் பழைய தொடர்பையே நம்பி நிற்கிறது. சபைகளின் வர்த்தமானி அறிவித்தல்கள், 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டம் வந்தபின்னும், பழைய 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்ததும் இதே சோம்பலின் அறிகுறி.

முந்திய ஆண்டு வருமதி என்ற அளவுகோல் இன்னொரு கொடுமை. 2018இல் நாட்டுக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின் அறைகள் வெறுமையாகின; அந்த ஆண்டின் கட்டணத்தை நிர்ணயித்ததோ 2018இன் வருமதி.

பதிந்தவருக்கு நன்மைகளும் உண்டே என்பர். உண்டு: அரசின் சுற்றுலா விளம்பரம், நட்சத்திரத் தரப்படுத்தல், ஹோட்டல்களுக்கான மதுபான உரிமம். இவற்றைக் கூட்டிப் பார்த்தால் பயன் பெரிய ஹோட்டல் பக்கமே சாய்கிறது. கிழக்குக் கரையின் அறுகம்குடாவில் நான்கு அறை வைத்திருக்கும் குடும்பத்துக்கு மதுச்சாலை கிடையாது. அவர்களின் விருந்தினர் இணையப் பதிவுத் தளங்களினூடாக வருகிறார்கள். அங்கே நீரலைச் சறுக்குக்கு வருபவர் அறையின் விலையையும் கடற்கரைத் தூரத்தையும் பார்க்கிறாரே தவிரச் சான்றிதழைப் பார்ப்பதில்லை.

பிரதேச சபையின் செலவோ பதிவைப் பார்த்து வருவதல்ல. அறுகம்குடாவின் பருவகாலத்தில் பொத்துவில் பிரதேச சபை அள்ளும் குப்பையில் பதிந்த விடுதியின் குப்பை, பதியாத விடுதியின் குப்பை என்று பிரிவில்லை. அறைகளையோ தங்கிய இரவுகளையோ எண்ணிக் கட்டணம் வைப்பதே செலவோடு பொருந்தும். மாலைதீவு இவ்வழியில் போகிறது. 2025 ஜனவரி முதல் அங்கு பசுமை வரி ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டொலர். மக்கள் வாழும் தீவுகளில் 50 அறைக்கு மேற்படாத விருந்தினர் இல்லங்களில் 6 டொலர். சிறியது, பெரியது என்ற வேறுபாட்டை அங்கே அறைகளின் எண்ணிக்கையே காட்டிவிடுகிறது. பதிவு அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லை.

149ஆம் பிரிவைத் திருத்துவது பாராளுமன்றத்தின் வேலை. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி மாகாண சபைகள் உள்ளூராட்சி மன்றங்களுக்கு மேலதிக அதிகாரம் வழங்கலாமேயன்றி இருப்பதைப் பறிக்க முடியாது. ஆயினும் 1 சதவீதம் என்பது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் வீதத்தைத் தீர்மானிப்பது சபை. பத்து அறைக்கு உட்பட்ட பதிந்த விடுதிக்குப் பெயரளவான வீதமொன்றை அடுத்த ஆண்டுக்கான கட்டணத் தீர்மானத்திலேயே எழுதிவிடலாம். அதற்குக் கொழும்பின் சம்மதத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை.