தராசு மேடம்

மனையியல் துறையில் படித்தவர்களுக்கு இந்தப் பட்டப்பெயர் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்களுக்கு ஊட்டச்சத்தியல் கற்பித்த பேராசிரியை. பெயரைப் போட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் பட்டப்பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஆராய இரண்டு வழி உண்டு. "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்வது ஒன்று. உலையில் போடும் முன்பே அரிசி, பருப்பு, காய் எல்லாவற்றையும் எடை போடுவது மற்றொன்று. முதல் வழி சுலபம். மேடத்துக்கு அது ஆகவே ஆகாது. "நேத்து சாப்பிட்டது யாருக்கும்மா சரியா ஞாபகம் இருக்கு? தராசைத் தூக்கு!" என்பார். விடிவதற்குள் முதல் பஸ்ஸைப் பிடித்து, யார் வீட்டு அடுப்படியிலோ தராசோடு போய் நிற்போம். அந்த வீட்டம்மாக்கள் எங்களை என்ன நினைத்தார்களோ!

அவருடைய முதல் வகுப்பு எப்போதும் குன்னூரில்தான் தொடங்கும். 1918-ல் பாஸ்டர் நிலையத்தின் ஒரே அறையில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி ஆய்வை ஆரம்பித்த கதை அது. பிற்பாடு அவர் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி என்ற சீக்கியர் சாப்பாட்டில் வளர்ந்த எலிகள் முதலிடம். தீட்டிய அரிசியை நம்பிய நம் சென்னை மாகாணச் சாப்பாடு கடைசி. வகுப்பே சிரிக்கும். மேடம் சிரிக்க மாட்டார். 1937-ல் அய்க்ராய்டு வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்துப் பட்டியல், அந்த ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது எல்லாம் மனப்பாடமாக வரும். ஆனால் லூசி வில்ஸ் கதைக்கு வரும்போதுதான் குரலே மாறும். பம்பாயில் ரத்தசோகையால் துவண்டுபோன கர்ப்பிணிகளுக்கு மார்மைட் என்ற ஈஸ்ட் சாற்றைக் கொடுத்துத் தேற்றியவர் அந்த அம்மையார். 1931-ல் அது கட்டுரையாக வந்தது. அதிலிருந்த சத்து ஃபோலிக் அமிலம் என்பது பிறகுதான் தெரிந்தது. "எது குறையுதுன்னு கண்டுபிடி, அதைக் கொடு, ஆள் எழுந்து உக்காந்துடுவா" என்பார் மேடம்.

1999-ல் அவருக்கு வயது 53. தராசை ஜீரோவில் வைக்காமலே எடை எழுதினார். முந்தின நாள் நடத்திய பாடத்தையே மறுபடி நடத்தினார். கொழுப்புக்கு ஒன்பது கலோரி என்பதில் ஒருநாள் அப்படியே நின்றுவிட்டார். அசதி என்றார்கள் சிலர், மாதவிடாய் நிற்கும் வயசு என்றார்கள் சிலர். மேடம் மட்டும் தானே ஒரு பட்டியல் போட்டார்: தைராய்டு, பி12, தயாமின். "ஏதோ ஒண்ணு குறைஞ்சிருக்கணும்." அசட்டு நம்பிக்கை இல்லை அது. பி12 குறைந்தாலும் மறதி வரும். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு அது குறைவதும் சகஜம். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது, எல்லாம் நார்மல். வேறு யாராக இருந்தாலும் கோயிலுக்குப் போயிருப்பார்கள். மேடம் காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

நரம்பியல் மருத்துவர் சொன்ன பெயர் அல்சைமர். 65 வயதுக்கு முன்பே ஆரம்பிக்கும் வகை. அபூர்வம்தான், ஆனால் அந்த நோய்க்குப் பெயர் வரக் காரணமாக இருந்தவருக்கும் 51 வயதுதான். 1901-ல் பிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அகஸ்டே டெட்டர். அலாய்ஸ் அல்சைமர் அவரிடம் கேட்டு எழுதிய குறிப்புகள் காணாமல் போய் 1995-ல் கிடைத்தன. அதில் ஒரு மதியச் சாப்பாடும் உண்டு: காலிஃப்ளவரும் பன்றிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், கீரை என்கிறார். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தராசு ஞாபகம் வந்தது.

மருந்து இருந்தது, கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க. மேடம் அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் ஆய்வகத்துக்கு வந்தார். ஒரே ஒரு நிபந்தனை, அதுவும் அவரே போட்டுக்கொண்டது: "நான் எழுதுற ஒவ்வொரு எடையையும் இன்னொருத்தி பாத்து இனிஷியல் போடணும்." அலமாரிக் கதவுகளில் எல்லாம் சீட்டு ஒட்டினார். வழி தவறாமலிருக்கத் தங்கை வாசல்வரை கொண்டுவந்து விடுவார். விருப்ப ஓய்வு வாங்கியபோது விழா வேண்டாம் என்றுவிட்டார்.

2006-ல் வீட்டில் போய்ப் பார்த்தேன். என் பெயர் அவருக்குத் தெரியவில்லை. தங்கை முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் ஒரு கை அள்ளினார், கையை லேசாகத் தூக்கித் தாழ்த்திப் பார்த்தார், கொஞ்சத்தைத் திரும்ப முறத்தில் போட்டார். மூன்று வருஷம் கழித்துக் காலமானார்.

இப்போது படிக்கும் தங்கைகளுக்கு ஒரு தகவல். அவருடைய ஆய்வு நோட்டுகள் துறை நூலகத்தின் பச்சை பீரோவில் இருக்கின்றன. வீட்டுக்கு ஒரு பக்கம்: கம்பு எவ்வளவு, கேழ்வரகு எவ்வளவு, அரிசி எவ்வளவு, எல்லாம் கிராம் கணக்கில். அதே ஊர்களில் இன்று எடை போட்டு ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்கள் எடுத்துப் பார்க்கலாம். கடைசி நோட்டில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு இனிஷியல் இருக்கும்.