திறக்காமல் பார்ப்பது: தம்பலகாமத்துச் சிப்பியும் உயிரின் விலையும்

திருகோணமலையின் வரலாறு என்றால் கோணேசர் மலை, கோட்டை, ஆங்கிலேயக் கடற்படை, 1942 ஏப்ரல் 9 அன்று விழுந்த ஜப்பானியக் குண்டுகள் என்று எழுதியே பழகிவிட்டோம். துறைமுகத்துக்குத் தென்மேற்கே, கிண்ணியாவை ஒட்டிய ஒடுங்கிய நீர்வாய் வழியாக உள்ளே விரியும் தம்பலகாமக் குடாவுக்கு அந்த எழுத்துகளில் இடம் கிடைப்பது அரிது. ஆழமில்லாத, சேறு படிந்த அந்தக் குடாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு முத்துத் தொழில் நடந்தது. மன்னார்க் கடலடி முத்துப் பார்களில் விளைந்த முத்துச்சிப்பி வேறு, இது வேறு. விலங்கியலார் பிளாகூனா பிளசென்டா என்று குறிக்கும் தட்டைச் சிப்பி இது. உள்ளங்கை அகலத்துக்கு வளரும், அப்பளம்போல் மெல்லியது. கோவாவிலும் பிலிப்பைன்ஸிலும் இதன் ஓட்டைச் சதுரமாக நறுக்கி மரச்சட்டத்தில் செருகி ஜன்னல் கண்ணாடியாகவே பயன்படுத்தினார்கள். உயிருள்ள உடலைக் கீறாமல் அதன் உள்ளே பார்க்கும் ஆசை இன்று இரத்தக் குழாய்களை ஒளியாலும் ஒலியாலும் படமெடுக்கும் மருத்துவக் கருவிகள் வரை வந்திருக்கிறது. அந்த ஆசையின் வரலாற்றை எழுதப் புகுபவர் தம்பலகாமத்தைத் தாண்டிப் போகக்கூடாது என்பது என் கருத்து. இயற்கையே ஜன்னல் வைத்து அனுப்பிய உயிரை, உள்ளே எட்டிப் பார்க்காமல் கோடிக்கணக்கில் உடைத்த இடம் அது.

அந்த ஓட்டின் தன்மையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். எடையில் ஏறத்தாழ 99 சதவீதம் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். மிக நுண்ணிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே திசையில் அடுக்கப்பட்டிருப்பதால், அதில் விழும் ஒளியின் பெரும்பகுதி மறுபக்கம் போய்விடுகிறது. இவ்வளவு தெளிவான பொருள் எப்படி இவ்வளவு உறுதியாகவும் இருக்கிறது என்று 2014இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் தனியாக ஆராய்ந்து எழுதினார்கள். இளஞ்சிப்பியின் ஓடு அபிரகத் தகட்டைப்போல இருக்கும். வயது ஏற ஏற மங்கும். உள்ளே கிடைக்கும் முத்து பெரும்பாலும் சிறியது, உருவம் ஒழுங்கற்றது, மாலைக்கு ஆகாது. ஆனாலும் அதற்குச் சந்தை இருந்தது. வசதி படைத்தவர்கள் அதைச் சுட்டு நீறாக்கி வெற்றிலைக்குச் சுண்ணாம்பாகத் தடவினார்கள். செல்வர் வீட்டுச் சாவில் வாய்க்கரிசிக்குப் பதிலாக வாயில் இட்டதும் இத்தகைய முத்தைத்தான் என்று அக்கால நூல்கள் சொல்கின்றன. குடா அரசின் உடைமை, குத்தகைக்கு விட்டார்கள். 1858க்கு முந்திய மூன்றே ஆண்டுகளில் 1 கோடியே 80 லட்சம் சிப்பிகள் எடுக்கப்பட்டதாக அன்றைய கணிப்பு ஒன்று உண்டு.

இவ்வளவையும் ஏன் உடைத்தார்கள்? வெயிலுக்கு நேராகப் பிடித்து, முத்து உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தண்ணீரில் விட்டிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். முதிர்ந்த ஓடு மங்கல், முத்தோ கடுகளவு, சதை மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் என்று பதில் வரும். அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. ஒரு குறிப்பிட்ட காலத்துக்குப் பணம் கட்டிய குத்தகைக்காரருக்கு அந்தக் காலம் முடிவதற்குள் எடுப்பதே லாபம். இன்று அவர் தப்பவிடும் சிப்பி நாளை அடுத்த குத்தகைக்காரரின் சொத்து. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கக் கூலி கொடுக்க வேண்டும். உடைத்து அழுகவிடக் கூலி குறைவு. ஒரு சிப்பி சாவதால் அவர் கணக்கில் ஒரு காசும் குறைவதில்லை. உள்ளே பார்க்கும் வழியை மனிதர் தேடுவது உள்ளே என்ன இருக்கிறது என்ற ஆர்வத்தால் மட்டும் நடப்பதில்லை. பார்ப்பதற்காகக் கொன்றால் யாருக்கோ நட்டம் என்ற நிலை வந்த பிறகே அந்தத் தேடல் வேகம் பிடிக்கிறது. இந்தக் கடலோரத் தொழில்களின் வரலாற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு இதுதான்.

இதற்கு முதல் சான்று ஒரு மருத்துவர். எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட் இலங்கையில் பிறந்தவர். படை மருத்துவர், இயற்கையியலாளர். மன்னார்ப் பார்கள் ஆண்டுக்கணக்கில் பொய்த்ததால் கவலைப்பட்ட அரசு, முத்துச்சிப்பியின் இயல்பை ஆராயும் பணியை அவரிடம் கொடுத்தது. அவருடைய முதல் அறிக்கை 1858இல் வெளிவந்தது. திருகோணமலையில் அவர் சிப்பிகளை உயிரோடு வைத்துக் கவனித்தார். ஒட்டியிருக்கும் நாரைத் தானே கழற்றிவிட்டு, நகர்ந்து, வேறிடத்தில் மீண்டும் ஒட்டிக்கொள்ள முத்துச்சிப்பியால் முடியும் என்று கண்டார். செத்த சிப்பியைக் கிளறி எத்தனை வருடம் பார்த்தாலும் தெரிந்திருக்காத செய்தி இது. ஜெனீவாவைச் சேர்ந்த ஹம்பர்ட்டுடன் சேர்ந்து, சிப்பிக்குள் வாழும் ஒட்டுண்ணிப் புழுக்களுக்கும் முத்து உருவாவதற்கும் தொடர்புண்டு என்றும் எழுதினார். அதற்கு மட்டும் கத்தி வேண்டியிருந்தது. குத்தகைக்காரர் யாரும் செய்யாததை அரசு ஏன் செய்தது? அடுத்த ஆண்டின் சிப்பியும் அதற்கடுத்த ஆண்டின் சிப்பியும் அரசின் வருமானம். உயிரோடு இருக்கும் சிப்பிக்கு ஒரு விலை உண்டு என்று எண்ணும் காரணம் அதற்கு மட்டுமே இருந்தது. கெலார்ட் 1860இல் கடற்பயணத்தில் இறந்தார். வேலை பாதியில் நின்றது.

மன்னார் பக்கம் தொழில் நடந்த முறையை ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். உள்ளே பார்க்க முடியாத குறையை அங்கே எண்ணிக்கையால் ஈடுகட்டினார்கள். குளிப்புக்கு முன்னதாகச் சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்துத் திறந்து, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை தேறும் என்று கணித்தார்கள். பிறகு திறக்காத சிப்பியை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். வாங்கியவர் ஈ மொய்க்கவிட்டு, புழு சதையைத் தின்று தீர்க்கும்வரை காத்திருந்து, நாற்றம் குடலைப் பிடுங்க எஞ்சியதைக் கழுவி அரித்தார். 1905இல் மரிச்சுக்கட்டிக் குளிப்பில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் இப்படிப் போயின. ஏலத்தில் எடுத்தவருக்குச் சிப்பிதான் சொந்தம், பார் சொந்தமில்லை. அதனால் அவருக்கு ஜன்னல் தேவைப்படவில்லை. சூதாட்டத் துணிச்சல் போதுமாக இருந்தது.

அடுத்த ஆண்டே நிலை மாறியது. 1906இல் பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு லண்டன் கம்பெனியிடம் போயின. இருபது ஆண்டு கையில் இருப்பவருக்கு இன்றைய குஞ்சு நாளைய முதல். திறக்காமல் பார்க்கும் வழியும் அதற்குள் வந்திருந்தது: ரெண்ட்கன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்திருந்தார். முத்துச்சிப்பியை அந்தக் கதிரில் பார்க்கலாம் என்று பிரெஞ்சு உடலியலாளர் ரஃபாயெல் டுபுவா 1901இல் சொல்லியிருந்தார். இலங்கையில் அதைத் தொழிலாகவே செய்ய முனைந்தவர் சொலமன் என்பவர். வெறும் சிப்பியைக் கடலுக்குத் திருப்பி அனுப்புவது, சிறுமுத்து உள்ளதை வளரவிடுவது, பெருமுத்து உள்ளதை மட்டும் திறப்பது என்பது ஏற்பாடு. கதிர் புகுந்த படத்தில் ஓட்டின் நிழலுக்குள் முத்து ஒரு கரும்பொட்டாகத் தெரியும். மருத்துவமனைக்கு வெளியே, உயிருள்ள உடலின் உட்புறத்தைக் கொல்லாமல் வகைபிரிக்க எக்ஸ் கதிரைப் பயன்படுத்திய முதல் தொழில்முயற்சிகளில் இதையும் சேர்க்க வேண்டும். கம்பெனி நிலைக்கவில்லை. பார்கள் 1907க்குப் பின் வெறுமையாகிவிட்டன. பார்க்கக் கருவி வந்தபோது பார்க்கச் சிப்பி இல்லை.

முத்து வியாபாரத்திலேயே இன்னொரு சான்று உண்டு. ஜப்பானிய வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும் இயற்கை முத்தின் விலை ஆட்டம் கண்டது. வெட்டிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். வெட்டிய முத்தை யார் வாங்குவார்? 1925இல் லண்டனில் நிறுவப்பட்ட சோதனைக்கூடத்தில் பேசில் ஆண்டர்சன் எண்டோஸ்கோப் என்ற கருவியைப் பயன்படுத்தினார். கோப்பதற்காக முத்தில் ஏற்கனவே போட்டிருக்கும் துளைக்குள் நுழையும் பொள்ளலான ஊசி அது. முனையருகே சாய்ந்த இரு நுண்ணாடிகள். ஊசிவழி போகும் வலிய ஒளி முதல் ஆடியில் பட்டு முத்தின் உடலுக்குள் திரும்பும். இயற்கை முத்தென்றால் வட்ட வட்டமான அடுக்குகளோடு வளைந்து சுற்றிவந்து இரண்டாம் ஆடியில் பளிச்சிடும். வளர்ப்பு முத்தின் கருவில் உள்ள சிப்பிமணியின் அடுக்குகள் நேர்கோடானவை. ஒளி அவற்றின் வழியே வெளியேறி முத்தின் மேற்பரப்பில் ஒரு கீற்றாகத் தெரியும். இங்கே விலை உயிருக்கல்ல, பண்டத்துக்கு என்பது உண்மை. ஆனாலும் திறந்தால் நட்டம் என்ற கணக்கு மாறவில்லை.

திருகோணமலைக்கே திரும்புவோம். இங்கே கரைக்கு மிக அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. எண்ணெய்த் திமிங்கிலங்கள் கரையை ஒட்டி வருவதன் காரணம் அது. திமிங்கிலத்தின் உடலளவு, வயது, உறுப்பு பற்றிய அறிவு நெடுங்காலம் வேட்டைக் கப்பலின் தளத்தில் அறுக்கப்பட்ட உடல்களிலிருந்தே வந்தது. 1979இல் இந்தியப் பெருங்கடல் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதும் அந்த வழி அடைபட்டது. 1982 முதல் 1984 வரை டுலிப் என்ற பாய்மரப் படகில் ஹால் வைட்ஹெட், ஜோனதன் கோர்டன் முதலானோர் இந்தக் கடலில் நீரடி ஒலிவாங்கியோடு சுற்றினார்கள். எண்ணெய்த் திமிங்கிலம் எழுப்பும் 'டிக்' ஒலி ஒற்றை ஒலியல்ல. மூக்கு நுனியில் பிறக்கும் துடிப்பு தலையின் எண்ணெய்ப் பையினூடே பின்னால் போய், மண்டையோட்டருகே உள்ள காற்றுப்பையில் மோதித் திரும்பி, மறுபடி மோதும். அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையிலான நேரம் தெரிந்தால் தலையின் நீளம் தெரியும், அதிலிருந்து உடலின் நீளமும். படகிலிருந்து எடுத்த புகைப்பட அளவுகளோடு ஒப்பிட்டுக் கோர்டன் இதைச் சரிபார்த்தார். உயிருள்ள விலங்கின் ஓர் உறுப்பை, அதைத் தொடாமலே, அதன் சொந்த ஒலியால் அளந்தார்கள்.

கடலில் ஒளி தோற்கும் இடத்தில் ஒலி போய்வருகிறது. போர்க்காலத்தில் இத்துறைமுகக் கப்பல்கள் நீர்மூழ்கிகளைத் தேடியதும் ஒலியால்தான். உடலும் பெரும்பாலும் உப்புநீர். இரண்டிலும் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர். தசைக்குள் புகும் ஒளி ஒரு மில்லிமீட்டர் தாண்டுவதற்குள் திசைகெட்டுச் சிதறுகிறது. மீயொலி அந்த அளவுக்குச் சிதறுவதில்லை. ஆனால் ஒலிக்கு நிறம் தெரியாது. இரத்தத்தையும் தசையையும் பிரித்துக்காட்டுவதில் ஒளிக்கு ஈடில்லை. ஒளியொலிப் படமெடுப்பு இரண்டையும் இணைக்கிறது. நொடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவே நீடிக்கும் லேசர் துடிப்பைத் தோல்மேல் விடுகிறார்கள். இரத்தத்தின் ஹீமோகுளோபின் அதை உறிஞ்சி, ஒரு டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கு சூடேறி, விரிந்து, மீயொலி எழுப்புகிறது. சுற்றிவைத்த உணரிகள் அதைக் கேட்டுக் குழாயின் இடத்தைக் கணிக்கின்றன. ஆக்சிஜன் ஏறிய இரத்தமும் இறங்கிய இரத்தமும் வேறு வேறு நிறங்களை உறிஞ்சுவதால் இரண்டையும் பிரித்தறியலாம். லிஹாங் வாங் குழுவினர் 2003இல் உயிருள்ள எலியின் மூளைக் குழாய்களை, மண்டையைத் திறக்காமலே இப்படிப் படமெடுத்தார்கள்.

விட்டுவிட்டு விழும் ஒளி பொருளில் ஒலி எழுப்பும் என்று கிரகாம் பெல் கண்டது 1880இல். மறு ஆண்டே இதை வாயுக்களில் சோதித்தவர்களில் பின்னாளில் எக்ஸ் கதிர் தந்த அதே ரெண்ட்கனும் ஒருவர். அப்படியிருக்க, உடலுக்குள் பார்க்க இது பயன்பட ஏன் நூறாண்டு ஆயிற்று? குறுந்துடிப்பு லேசரும் நுண்ணுணரியும் கணினியும் வேண்டும், அவை வந்ததும் கருவி வந்தது, இதில் உயிரின் விலை எங்கே வந்தது என்று இயற்பியலார் கேட்பார்கள். நியாயமான கேள்வி, கருவி இல்லாமல் ஆசை மட்டும் படமெடுக்காது. ஆனால் கருவி கையில் இருந்தாலே போதாது என்பதற்குத் தம்பலகாமம் சான்று. அங்கே லேசரும் வேண்டாம், கணினியும் வேண்டாம், வெயில் போதும். இளஞ்சிப்பியையாவது பிரித்து விட்டிருக்கலாம். சிப்பிக்கும் மருத்துவமனைக்கும் என்ன வம்சத் தொடர்பு என்றும் கேட்கலாம். வம்சம் எதையும் நான் கோரவில்லை. தம்பலகாமத்திலிருந்து யாரும் லேசர் கற்கவில்லை. ஒரே கணக்கு வெவ்வேறு இடங்களில் தனித்தனியே வேலை செய்தது என்று மட்டுமே சொல்கிறேன்.

அந்தக் கணக்கு இன்றும் முடிந்துபோகவில்லை. ஒளியை நம்பும் கருவிகள் எல்லாவற்றுக்கும் தோலின் மெலனின் குறுக்கே நிற்கிறது. இரத்தத்துக்குப் போய்ச் சேர வேண்டிய ஒளியை அது வழியிலேயே உறிஞ்சிக்கொள்கிறது. விரல்நுனியில் மாட்டும் ஆக்சிஜன் அளவி, கறுப்பினத்து நோயாளிகளிடம் உண்மையான குறைவைக் காட்டாமல் விடுவது வெள்ளையரிடம் விடுவதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. அந்தக் கருவி அதற்குள் பல பத்தாண்டுகளாக மருத்துவமனைகளில் புழங்கிக்கொண்டிருந்தது. ஒளியொலிக் கருவிக்கும் இதே இடர் உண்டு: கருந்தோலில் மேற்பரப்பிலேயே வலிய ஒலி எழுந்து அடியில் உள்ள குழாயின் சன்னமான ஒலியை மறைத்துவிடும். இதைத் திருத்தும் கணித முறைகள் இப்போது ஆராயப்படுகின்றன. அவற்றைக் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் உள்ளவர்களின் தோலில் சோதித்துச் சரிபார்க்கும் செலவை யார் ஏற்பார் என்பது அந்த ஆராய்ச்சியில் இன்னும் பேசப்படாத பகுதி.