இடம்பெயர்ந்த படிமம்: மாந்தை முதல் மருதமடு வரை

தேவாலயத்தினுள் சிற்பம் வைக்கப்படுவது வழிபாட்டுக்காக மட்டுமன்று. இழப்பினை நினைவிற் பேணுதற்காகவுமாம். 2011இல் இங்கிலாந்தின் கன்ரபெரிப் பேராலய நிலவறையில் அந்தனி கோம்லி என்னும் சிற்பி தொங்கவிட்ட மனித உருவம், அவ்வாலயக் கூரையைப் பழுதுபார்த்தபோது கழற்றப்பட்ட பழைய இரும்பாணிகளால் ஆக்கப்பட்டது. கட்டடத்தின் கழிபொருளே அதன் வரலாற்றைக் கூறும் உடலாயிற்று. இந்நோக்கில் மன்னார்க் கரையின் படிமங்களை ஆராயின், அங்கே சிற்பியின் பெயரன்று, படிமம் சென்ற வழியே முதன்மை பெறுவதைக் காண்கிறோம்.

1544இல் புதிதாகக் கிறித்தவந் தழுவிய மன்னார் மக்கள் ஏறத்தாழ 600 பேர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். 1560இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றினர். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அவர்களால் இடிக்கப்பட்டது. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். 1566இல் ஒல்லாந்திலேயே தேவாலயப் படிமங்களை உடைத்த சீர்திருத்த மரபின் வழிவந்த இவர்கள், கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். இவ்வாறு மூன்று சமயங்களைச் சார்ந்த மூன்று அரசுகள் ஒரே கரையில் ஒன்றன்பின் ஒன்றாக மக்களை ஒறுத்தன. இதனைச் சமயப் பகையாக மட்டும் விளக்குதல் பொருந்தாது. முத்துக்குளிப்பு வருவாயும் கடல்வழி ஆதிக்கமும் இப்பூசல்களின் அடித்தளமாயிருந்தமையை நாம் மறத்தலாகாது.

ஒல்லாந்தர் ஒடுக்குமுறைக்கு அஞ்சி, 1670இல் 20 குடும்பங்கள் மாந்தையிலிருந்த மரியன்னையின் திருச்சொரூபத்தைச் சுமந்து வன்னிக் காட்டினுட் புகுந்தன என மரபு கூறும். மருதமடு என்னும் அவ்விடமே இன்றைய மடுத்தலமாகும். கல்லாலான கோயில் நின்ற இடத்திலேயே இடிபட்டது. கையிற் சுமக்கத்தக்க படிமமோ தன் மக்களோடு பெயர்ந்து பிழைத்தது.

1872இல் யாழ்ப்பாண மேற்றிராணியார் பொஞ்சீன் ஆண்டகை மடுவிற் புதிய ஆலயப் பணியைத் தொடக்கினார். அதே ஆண்டில் திருக்கேதீச்சரத்தை மீளக் கட்டுமாறு ஆறுமுக நாவலர் சைவர்களைத் தூண்டினார். எதிரெதிர் முகாம்களில் நின்ற இருவரும் ஒரே கரையின் அழிவுகளுக்கே ஈடுதேட முயன்றனர் எனலாம்.

எனினும் பெயர்வு முடியவில்லை. உள்நாட்டுப் போரில் ஏதிலிகளின் புகலிடமான மடு வளாகத்தில், நவம்பர் 1999இல் வீழ்ந்த எறிகணைகள் அங்கு தஞ்சமடைந்திருந்தோர் பலரைக் கொன்றன. ஏப்ரல் 2008இல் போர் நெருங்கவே, குருமார் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசென்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் அது மடுவுக்கு மீண்டது. ஆனால் மன்னார்ப் பெருநிலத்து மக்களிற் பலர் கிழக்கே முல்லைத்தீவுக் கரைவரை விரட்டப்பட்டனர். அப்படிமத்தை வணங்கியவர்களுள் மீளாதோர் பலர்.

ஆகவே, படிமத்தின் மீட்சியை மட்டும் எழுதும் வரலாறு குறையுடையதாகும். 1670இன் பெயர்வு மரபுக்கதையாகவே எஞ்சியது. சுமந்தோரின் பெயர்களை நாம் அறியோம். 2008இன் பெயர்வைக் கண்டோர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். மடுவிலும் தேவன்பிட்டியிலும் முல்லைத்தீவிலும் அவர்தம் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுதல் நம் பல்கலைக்கழகங்களின் உடனடிக் கடமையாகும். அவர்கள் மறைந்தபின் நமக்கு எஞ்சுவது மற்றுமொரு மரபுக்கதையே.